கம்மியா ஓடின கிளாசிக் ஸ்போர்ட்ஸ் காருக்கு எவ்ளோ குடுக்கலாம்? கணக்கு போடுற முறை

ஓடோமீட்டர்ல 8,000 கிலோமீட்டர் மட்டும் காட்டுற முப்பது வருஷ ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு விலைக்கு வந்தா, அதே மாடல்ல நல்லா பராமரிச்ச வேற ஒரு வண்டிய விட ரொம்பவே கூடுதலா கேப்பாங்க, சில சமயம் ரெண்டு மடங்கு கூட. அந்த கூடுதல் காசு நியாயமா இல்லையான்னு முடிவு பண்றது எப்படின்னுதான் இங்க எழுதறேன். என் கருத்த முதல்லயே சொல்லிடறேன்: கம்மி கிலோமீட்டருங்கறது விலைய ஏத்துற விஷயம் மட்டும் இல்ல, இறக்குற விஷயமும் அதே வண்டிக்குள்ளதான் இருக்கு. விக்கிறவர் ஏத்துற பக்கத்த மட்டும்தான் பேசுவார், அது அவர் வேலை. இறக்குற பக்கத்த நாமதான் தேடி எடுத்து பேப்பர்ல எழுதணும்.

முதல்ல வண்டிய பாக்க போறதுக்கு முன்னாடியே உங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்க வேண்டிய கேள்வி, இத ஓட்ட போறீங்களா இல்ல பத்திரமா வெச்சுக்க போறீங்களா. இதுக்கு பதில் தெரியாம விலை பேச போனா எந்த நம்பரும் சரியா வராது. ஏன்னா கம்மி கிலோமீட்டருக்கு குடுக்குற கூடுதல் காசு, நீங்க ஓட்ட ஓட்ட கரைஞ்சு போற காசு. ஒரு கணக்கு பாருங்க, நல்ல நிலையில இருக்குற சாதாரண வண்டியோட விலை 100னு வெச்சுக்கலாம், 8,000 கிலோமீட்டர் ஓடின வண்டிக்கு 140 கேக்கறாங்க. நீங்க வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டுற ஆளுன்னா அஞ்சு வருஷத்துல 15,000 ஆச்சு, வண்டி இப்ப 23,000 ஓடின வண்டி, அது இன்னும் நல்ல வண்டிதான் ஆனா அந்த 40ல பெரும்பகுதி போயிருக்கும். அதாவது பெட்ரோல், டயர், சர்வீஸ் எல்லாம் தனி, அதுக்கு மேல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த 40ல ஒரு துண்டு எரியுது. 40ஐ 15,000ஆல வகுத்து பாருங்க, உங்க நாணயத்துல அது எவ்ளோன்னு தெரிஞ்சா பாதி பேருக்கு முடிவு அங்கயே வந்துடும். ஓட்டி சந்தோஷப்படணும்னு நினைக்கிறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது, 60,000லேர்ந்து 1,00,000 வரைக்கும் ஓடி, வருஷா வருஷம் பில்லோட சர்வீஸ் ஆன வண்டிய வாங்குங்க, அது உங்கள காலைல எழுந்ததும் எடுத்துட்டு போக விடும்.

சரி, இல்ல எனக்கு கம்மியா ஓடினதுதான் வேணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, அடுத்த வேலை அடிப்படை விலைய கண்டுபிடிக்கறது. இது கம்மி கிலோமீட்டர் வண்டியோட விலை இல்ல, அதே மாடல், அதே வருஷம், அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ் இருக்குற நல்ல சாதாரண வண்டி ஒண்ணு நிஜமாவே எவ்ளோக்கு கைமாறுச்சுங்கற விலை. விளம்பரத்துல போட்டிருக்குற விலைய எடுக்காதீங்க, அது ஆசை. முடிஞ்ச ஏலங்களோட ரிசல்ட் இணையத்துல நிறைய கிடைக்குது, கடைசி ரெண்டு வருஷத்துக்குள்ள நடந்தத மட்டும் எடுங்க, ஏன்னா 2021, 2022ல பல மாடல் ஏறின ஏத்தம் அப்புறம் அப்படியே நிக்கல, அந்த உச்சத்துல வந்த ஒரு ரிசல்ட்ட காட்டி இன்னைக்கும் விலை கேக்குறவங்க இருக்காங்க. விக்காம திரும்பி போன வண்டிகளையும் குறிச்சு வைங்க, அதுல வந்த கடைசி ஏலக்கேள்வி, அன்னைக்கு காசோட வந்தவங்க எவ்ளோ வரைக்கும் தயாரா இருந்தாங்கன்னு சொல்லுது, அது ரொம்ப நேர்மையான நம்பர். இன்னொண்ணு, சில ஏல நிறுவனங்க அறிவிக்கிற விலையில வாங்குறவர் கட்டுற கமிஷனும் சேந்திருக்கும், சிலதுல சேந்திருக்காது, இத ஒரே மாதிரி ஆக்கிட்டுதான் ஒப்பிடணும்.

அமெரிக்க கிளாசிக் கார் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஹேகர்ட்டி போடுற மாதிரி விலைப்பட்டியல் பாக்கும்போது அதுல கண்டிஷன் 1லேர்ந்து 4 வரைக்கும் இருக்கும், 1ங்கறது அழகுக்கும் நிலைக்கும் பரிசு குடுக்குற கண்காட்சி போட்டியில நிக்கிற வண்டி, 2 ரொம்ப நல்லது, 3 நல்லது, 4 சுமார். கம்மியா ஓடினா தானா 1 ஆயிடும்னு நினைச்சுக்கறாங்க, அது தப்பு. ஈரமான ஷெட்ல இருபது வருஷம் கிடந்த 5,000 கிலோமீட்டர் வண்டி 3ஆ கூட இருக்கலாம். கிலோமீட்டர் வேற, கண்டிஷன் வேற, ரெண்டையும் தனித்தனியா மார்க் போடுங்க.

இப்ப கூடுதல் எவ்ளோங்கறது. சேத்து வெச்ச ரிசல்ட்ட எல்லாம் கிலோமீட்டர் வரிசைல எழுதி பாத்தீங்கன்னா விலை நேர்கோடா ஏறாதுன்னு தெரியும். பெரும்பாலான மாடல்ல, ஷோரூம்லேர்ந்து வந்தபடியே இருக்குற வண்டிக்கு, அதாவது சில நூறு கிலோமீட்டர் மட்டும் ஓடினதுக்கு, பெரிய தாவல் இருக்கும், அதுக்கு கீழ சில ஆயிரத்துல ஒரு படி இருக்கும், அப்புறம் 25,000க்கும் 45,000க்கும் நடுவுல வித்தியாசம் பாத்தா கிலோமீட்டர விட கலரும் சர்வீஸ் பில்லும்தான் விலைய முடிவு பண்ணியிருக்கும். அதனால 28,000 ஓடின வண்டிய காட்டி கம்மியா ஓடினதுன்னு பெரிய தொகை கேட்டா, அந்த படி உங்க மாடல்ல எங்க இருக்குன்னு பாருங்க, அதுக்கு வெளிய இருந்தா கூடுதல் குடுக்க வேண்டியதில்ல.

அதே மாடல்ல இதே மாதிரி ஓடாத வண்டி எத்தன இருக்குங்கறது இன்னும் முக்கியம், இத நிறைய பேர் பாக்கறதே இல்ல. 1978ல ஷெவர்லே கொர்வெட் இண்டி 500 பேஸ் கார் ரெப்ளிகாவ, அதாவது இண்டி 500 ரேஸ்ல முன்னாடி போய் ரேஸ ஆரம்பிச்சு வைக்கிற வண்டியோட நகல, 6,502 வண்டி பண்ணாங்க. பின்னாடி பெரிய விலைக்கு போகும்னு நம்பி நிறைய பேர் வாங்கி ஓட்டாமயே பூட்டி வெச்சாங்க, எல்லாரும் அதையே பண்ணதால ஓடாத பேஸ் கார் தாராளமா கிடைக்குது, அந்த எதிர்பார்ப்பு பல வருஷத்துக்கு நிறைவேறவே இல்ல. மாறா புதுசுல எல்லாரும் வாங்கி நல்லா ஓட்டி தேச்ச மாடல்ல, ஓடாம தப்பிச்ச ஒண்ணு கிடைச்சா அதுக்கு மதிப்பு அதிகம், ஏன்னா அது நிஜமாவே அபூர்வம்.

இன்னொரு பக்கம் மெக்லாரன் எஃப்1, மொத்தமே 106தான். 2021 ஆகஸ்ட்ல பெபிள் பீச் ஏலத்துல 400 கிலோமீட்டர் கூட ஓடாத ஒரு 1995 எஃப்1, 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு போச்சு. 2019ல அத விட எவ்வளவோ அதிகமா ஓடின, ஆனா கம்பெனியே எல்எம் ஸ்பெக்குக்கு, அதாவது லெ மான் ரேஸ் வண்டிய ஒட்டின அமைப்புக்கு, மாத்தி குடுத்த ஒரு எஃப்1, 1 கோடியே 98 லட்சத்து 5 ஆயிரம் டாலருக்கு போயிருக்கு. நடுவுல ரெண்டு வருஷம் இருக்கு, அதனால நேரடியா ஒப்பிட முடியாதுதான், ஆனாலும் உச்சத்துல கூட கிலோமீட்டர் மட்டுமே ராஜா இல்ல, எந்த ஸ்பெக்குங்கறதுக்கும் கிட்டத்தட்ட அதே மரியாதை இருக்குன்னு இதுலேர்ந்து தெரியுது. நாம வாங்குற வண்டிக்கும் இதே மாதிரிதான், மேனுவல் கியர், விருப்பமான கலர், ஃபேக்டரி ஆப்ஷன் இதெல்லாம் பத்தாயிரம் கிலோமீட்டர் வித்தியாசத்த சாப்பிட்டுடும்.

அடுத்தது ஆதாரம், இதுல நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பேப்பர் இல்லாத கம்மி கிலோமீட்டருக்கு ஒரு பைசா கூட கூடுதல் குடுக்காதீங்க. பழைய வண்டி நிறையவற்றுல ஓடோமீட்டர்ல அஞ்சு இலக்கம்தான், 99,999 தாண்டினா திரும்ப பூஜ்யம், ஸோ 12,000னு காட்டுறது 1,12,000ஆவும் இருக்கலாம். கேபிள்ல ஓடுற மெக்கானிக்கல் மீட்டர்ல கேபிள கழட்டி விட்டுட்டு ஓட்டறது பெரிய வித்தையே இல்ல, மீட்டர் கெட்டுப்போய் வேற மீட்டர் மாட்டினதும் நிறைய நடக்கும், அது ஏமாத்து வேலையாவே இருக்கணும்னு கூட இல்ல. ஆதாரம்னா என்ன, தேதியும் கிலோமீட்டரும் சேந்து எழுதின சர்வீஸ் பில்லு, தகுதி சோதனை சீட்டு, பழைய விற்பனை பத்திரம், இதெல்லாம் வருஷ வரிசைல அடுக்கி வெச்சா நம்பர் ஏறிக்கிட்டே வரணும், எங்கயும் இறங்கக்கூடாது. பிரிட்டன்ல இருந்த வண்டியா இருந்தா 2005க்கு அப்புறம் நடந்த எம்ஓடிங்கற வருஷாந்திர தகுதி சோதனைல பதிஞ்ச மீட்டர் ரீடிங்க இணையத்துலயே இலவசமா பாக்கலாம். பல வருஷத்துக்கு ஒரு துண்டு சீட்டு கூட இல்லன்னா அப்ப வண்டி எங்க இருந்துச்சுன்னு கேளுங்க, பதில் கிடைக்கலன்னா கூடுதல குறைங்க. ஃபெராரி கம்பெனி குடுக்குற 'கிளாசிக்கே' சான்றிதழ், போர்ஷே குடுக்குற சான்றிதழ் இதெல்லாம் வண்டி ஃபேக்டரில எப்படி பிறந்துச்சு, இன்ஜின் நம்பர் சரியாங்கறதுக்கு உதவும், எத்தன கிலோமீட்டர் ஓடுச்சுங்கறதுக்கு அது சாட்சி இல்ல.

பேப்பர் சொல்றத வண்டியும் சொல்லுதான்னு கண்ணால பாருங்க. கிளட்ச் பெடல் ரப்பர் தேஞ்சிருக்கா, டிரைவர் சீட்ல ஏறி இறங்குற பக்கம் மடிப்பு எப்படி இருக்கு, ஸ்டீயரிங் தோல் வழவழன்னு ஆயிருக்கா, கியர் நாப், சாவியோட முனை, முன்னாடி கண்ணாடில வெயிலுக்கு எதிர பாத்தா தெரியுற பொடி பொடி புள்ளி, பானட் முனைல கல் தெறிச்ச வடு. 8,000 ஓடின வண்டில பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதுசா மாத்தியிருந்தா அதுதான் எனக்கு முதல் சந்தேகம். கண்ணாடி, சீட் பெல்ட், லைட் எல்லாத்துலயும் தயாரிச்ச தேதியோ குறியீடோ இருக்கும், வண்டி பிறந்த தேதிக்கு அப்புறமானதா இருந்தா அது எப்ப, ஏன் மாறுச்சுன்னு கேளுங்க. பெயின்ட் தடிமன அளக்குற கேஜ் ஒண்ணு கைல வெச்சுக்கோங்க, ஃபேக்டரி பெயின்ட் பொதுவா 80லேர்ந்து 150 மைக்ரான் பக்கம் இருக்கும், 200, 300னு போனா திரும்ப அடிச்சிருக்காங்க, 500க்கு மேலன்னா உள்ள பட்டி இருக்க வாய்ப்பு அதிகம். ஹோண்டா என்எஸ்எக்ஸ் மாதிரி அலுமினிய பாடின்னா அலுமினியத்த அளக்குற கேஜ் வேணும், கொர்வெட், லோட்டஸ் மாதிரி ஃபைபர் பாடிக்கு சாதாரண கேஜ் வேலையே செய்யாது, அல்ட்ராசோனிக் வேணும். ஒரிஜினல் பெயின்ட்ட நான் ரொம்ப மதிக்கறேன், நல்ல பெயின்ட் வேலைய காசு குடுத்து எப்ப வேணா வாங்கிக்கலாம், ஃபேக்டரி அடிச்ச பெயின்ட்ட வாங்க முடியாது.

இப்ப இறக்குற பக்கம், இதுலதான் நிறைய காசு ஒளிஞ்சிருக்கு. ஆள் குடியிருக்காத வீடு சீக்கிரம் பாழாகற மாதிரிதான் ஓடாத வண்டியும், அதுல தேயற பாகம் நல்லா இருக்கும், வயசாகற பாகம் எல்லாம் போயிருக்கும். பெட்ரோல் பழசாகி பிசினா மாறி இன்ஜெக்டரையும் கார்புரேட்டரையும் அடைக்கும், எத்தனால் கலந்த பெட்ரோல்னா ஈரத்த இழுத்து டேங்க உள்ளேர்ந்து துருப்பிடிக்க வைக்கும். பிரேக் ஆயிலும் காத்துலேர்ந்து ஈரத்த உறிஞ்சும், அதனாலதான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்த சொல்றாங்க, மாத்தாம விட்டா காலிப்பர் பிஸ்டன் இறுகிடும், மாஸ்டர் சிலிண்டர் போகும். கூலன்ட்ல இருக்குற துரு தடுக்குற சக்தி வருஷத்தோட தீந்துடும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோட ஒட்டிக்கும். ஏசி கம்ப்ரஸர் சீல், கிராங்க் சீல் எல்லாம் காஞ்சு, நீங்க ஓட்ட ஆரம்பிச்ச முதல் மாசத்துலதான் ஒழுக ஆரம்பிக்கும், அதுவரைக்கும் தரை சுத்தமாதான் இருக்கும். எலி வயர கடிச்சிருந்தா அது தனி செலவு. டயர் பக்கவாட்டுல டாட் (DOT) எழுத்துக்கு பின்னாடி கடைசி நாலு இலக்கத்த பாருங்க, 2309ன்னா 2009ம் வருஷம் 23வது வாரம் பண்ணது, மூணு இலக்கம்தான் இருந்தா அது 2000க்கு முன்னாடி பண்ண டயர், பாக்க புதுசா இருந்தாலும் அதுல வேகமா போகக்கூடாது.

டைமிங் பெல்ட்ட தனியா சொல்றேன், ஏன்னா இது கிலோமீட்டருக்கும் வயசுக்கும் எது முதல்ல வருதோ அதுக்கு மாத்த வேண்டியது, ஓடாத வண்டிக்கு வயசுதான் முதல்ல வரும். ஃபெராரி டெஸ்டரோசா, 348, எஃப்355 எல்லாத்துலயும் பெல்ட் மாத்த இன்ஜினையே வெளிய இறக்கணும், 360 மொடெனால சீட்டுக்கு பின்னாடி மூடிய கழட்டி உள்ளேர்ந்தே பண்ணிடலாம், இந்த ஒரு வித்தியாசமே விலைல பெரிய தொகை. எஃப்40ல பெட்ரோல் நிக்கிற ரப்பர் பைக்கு கூட ஆயுசு உண்டு, ஓட்டினாலும் ஓட்டாட்டியும் மாத்தணும். அந்த காலத்து ஃபெராரில உள்ள இருக்குற பிளாஸ்டிக் பட்டன் மேல பூசினது பிசுபிசுன்னு ஆகறதும் வயசாலதான். போர்ஷே 996, முதல் பாக்ஸ்டர் பக்கம் போனா இன்ஜின் உள்ள ஒரு ஷாஃப்ட்ட தாங்குற ஐஎம்எஸ் பேரிங் பத்தி கேளுங்க, கம்மியா ஓடின வண்டிலயும் அது போயிருக்கு, மாத்தின பில்லு இருந்தா அது நிஜமான மதிப்பு. மாஸ்டா ஆர்எக்ஸ்-7 மாதிரி ரோட்டரி இன்ஜினுக்கு ரோட்டரோட மூணு முகத்தையும் தனித்தனியா காட்டுற கம்ப்ரஷன் டெஸ்டர் வேணும், சாதாரண கேஜ் வெச்சு பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னா ஏத்துக்காதீங்க.

விக்கிறவர் "வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் விடுவேன்"னு பெருமையா சொல்லுவார், பாசத்துலதான் பண்ணியிருப்பார், ஆனா நின்ன இடத்துல பத்து நிமிஷம் ஓடுற இன்ஜின் முழுசா சூடாகாது, எரிபொருள்லேர்ந்து வர்ற தண்ணி ஆவியாகாம ஆயில்லயும் சைலன்ஸர்லயும் தங்கிடும். மெர்சிடிஸ் 300எஸ்எல் கல்விங் வண்டில இது இன்னும் மோசம், சாவிய அணைச்ச பிறகும் இன்ஜின் நிக்கிற வரைக்கும் இன்ஜெக்ஷன் பம்ப் பெட்ரோல தெளிச்சுக்கிட்டே இருக்கும், அது ஆயில்ல கலக்கும். மாசத்துக்கு ஒரு தடவ அரை மணி நேரமாவது ரோட்ல ஓட்டி வருஷம் தவறாம ஆயில் மாத்தின வண்டிதான் நமக்கு வேணும். அதுக்கு பில்லு இருந்தா தயங்காம கொஞ்சம் சேத்து குடுங்க.

இதையெல்லாம் அந்த மாடல மட்டுமே பாக்குற ஒரு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட காட்டி, லிஃப்ட்ல ஏத்தி, எழுத்துல செலவு மதிப்பீடு வாங்குங்க. விக்கிறவரோட மெக்கானிக் வேண்டாம், எவ்ளோ நல்லவரா இருந்தாலும். பாக்க விடமாட்டேன்னு சொன்னா பேச்ச அங்கயே முடிச்சுக்கலாம்.

இப்ப எல்லாத்தையும் சேத்து ஒரு கணக்கு, நம்பர் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்க மாடலுக்கு நீங்க தேடி போட்டுக்கணும். அடிப்படை விலை 100. முழு பேப்பரோட இருக்குற கம்மி கிலோமீட்டர் வண்டிக்கு ரிசல்ட்ல தெரியுற கூடுதல் 35. ஆனா இந்த வண்டில நடுவுல ஏழு வருஷ பேப்பர் இல்ல, ஸோ 35 குடுக்க மாட்டேன், 20. ஆச்சு 120. ஸ்பெஷலிஸ்ட் சொன்ன வேலை, பெல்ட், டயர், ஹோஸ், பிரேக், டேங்க் சுத்தம் எல்லாம் சேத்து 14. ஓட்ட ஆரம்பிச்சதும் வெளிய வர்ற ஒழுகலுக்கு 5 ஒதுக்கணும், இத யாரும் ஒதுக்கறதில்ல ஆனா கண்டிப்பா வரும். வண்டிய கொண்டு வர 2. 120லேர்ந்து 21 போனா 99. அவர் கேக்குறது 140, உங்க கணக்குல வர்றது நல்ல சாதாரண வண்டியோட விலைதான். அதே வண்டிக்கு இந்த வேலையெல்லாம் போன வருஷம் பண்ணி பில்லு வெச்சிருந்தார்னா அந்த 14 கழியாது, ஒதுக்கறதும் பாதியா குறையும், 115க்கு மேல போகலாம், நானா இருந்தா இந்த ரெண்டாவது வண்டியத்தான் வாங்குவேன்.

கணக்குக்கு மேல எப்ப போகலாம்? ஒரிஜினல் பெயின்ட், ஒரிஜினல் இன்ஜின், அதே முதல் ஓனர், டூல் கிட், புக், ரெண்டு சாவி எல்லாம் இருந்து, அந்த கலர் ஸ்பெக்ல அடுத்த வண்டி எப்ப வரும்னே தெரியாதுன்னா, அடிப்படைல 10 சதவீதம் வரைக்கும் மேல போறது எனக்கு தப்பா தெரியல. ஆயிரக்கணக்குல பண்ண மாடலுக்கு போகாதீங்க, பொறுத்திருந்தா இன்னொண்ணு வரும்.

பேசும்போது உணர்ச்சிய விட்டுட்டு அந்த மதிப்பீட்டு தாள மேஜைல வைங்க, வண்டிய குறை சொல்லாதீங்க, இத்தன வருஷம் பாத்துக்கிட்ட மனுஷனுக்கு அது வலிக்கும், "இந்த வேலை பாக்கி இருக்கு, இதுக்கு இவ்ளோ ஆகும், அத கழிச்சு இதான் என்னால முடிஞ்சது"ன்னு ஒரே நம்பர் சொல்லிட்டு அமைதியா இருங்க. ஏலம்னா பின்னாடிலேர்ந்து கணக்கு போடுங்க, கைலேர்ந்து மொத்தம் போகக்கூடியது 99, கமிஷன் 10 சதவீதம்னா நீங்க கையத் தூக்கக்கூடிய கடைசி நம்பர் 90, அதுக்கு மேல வரி உண்டான்னும் முன்னாடியே கேட்டுக்கோங்க. அந்த 90ஐ எழுதி சட்டைப்பைல வெச்சுக்கிட்டு உள்ள போங்க, ஏல ஹால்ல சூடு ஏறினப்புறம் போடற கணக்கு கணக்கே இல்ல.

விலை படிஞ்சதும் இன்ஷூரன்ஸ நீங்களும் கம்பெனியும் முன்னாடியே ஒத்துக்கிட்ட மதிப்புக்கு எடுங்க, சந்தை மதிப்புன்னு எடுத்தா நஷ்டம் வரும்போது கம்பெனிக்காரர் சாதாரண வண்டியோட விலைய பேசுவார், நீங்க குடுத்த கூடுதல் காத்துல போயிடும். வண்டி எடுக்குற அன்னைக்கு மீட்டர் ரீடிங்க தேதியோட ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட தாள்ல எழுதிக்கோங்க. பழைய டயர், பழைய பெல்ட், கழட்டின ஹோஸ், இதுல எதையும் மெக்கானிக்க தூக்கிப்போட விடாதீங்க, முக்கியமா வண்டியோட வந்த முதல் டயர் நாலும் இருந்தா ஓட்டறதுக்கு வேற டயர் மாட்டிட்டு அத நிழல்ல பத்திரமா வைங்க, நாளைக்கு நீங்க விக்கும்போது அடுத்தவர் தேடுற ஆதாரத்துல அதுவும் ஒண்ணு.